பின் வீல் பேரிங்கை வீட்டிலேயே மாற்ற ஒரு புல்லர் செட்: உள்ளே தள்ளுவதில் கெட்டி, வெளியே எடுப்பதில் சுமார்

பேரிங் மாற்றுவதற்காக வாங்கிய செட்டில் முதலில் போனது அந்தச் செட்டுக்குள்ளேயே இருந்த பேரிங்தான். இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு வரவில்லை. கார் ஸ்டாண்டில் நிற்கிறது, நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கி நிற்கும் உலோகத் துண்டு) பழைய பேரிங்கின் வெளி ரேஸ், அதாவது குண்டுகள் ஓடும் வெளி வளையம், பாதி வழியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, என் கையில் நீளமான ஒரு திருகும் அதன் தலைப்பக்கம் நசுங்கிப்போன ஒரு சின்ன வளையமும். ஆனாலும் அதே செட்டை வைத்துத்தான் அந்தப் பக்கத்தை முடித்தேன், சில மாதம் கழித்து மறுபக்கத்தையும் முடித்தேன். அதனால் இதைத் திட்டுவதற்காக எழுதவில்லை, புகழவும் இல்லை. எந்தக் கட்டத்தில் இந்த செட் கைகொடுக்கும், எந்தக் கட்டத்தில் கையை விரிக்கும் என்பது வாங்குவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு முழு நாள் மிச்சமாகியிருக்கும்.

செட் என்ன என்று முதலில் சொல்கிறேன். பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே 14 மிமீ தடிமனில் ஒரு நீளத் திருகு, அதற்கு ஒரு நீள நட், நட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் போட்டு, நட் அழுத்தும் பாரத்தைத் தாங்கியபடி சுலபமாகச் சுற்ற ஒரு குட்டி த்ரஸ்ட் பேரிங், அப்புறம் வெவ்வேறு விட்டத்தில் கிண்ணம் மாதிரி கப்புகளும் தட்டையான வட்டத் தகடுகளும். ஒவ்வொன்றின் மேலும் 62, 66, 71.5, 78 என்று மில்லிமீட்டரில் அளவு அடித்திருக்கும். இணையத்தில் பத்துப் பெயரில் பத்து நிறப் பெட்டியில் விற்கிறார்களே, அதேதான். எல்லாம் ஒரே பட்டறையில் செய்த மாதிரிதான் தெரிகிறது, அதனால் என் பெட்டியில் இருந்த பெயரைச் சொல்லி உங்களுக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை. வேலை செய்யும் முறை எளிது. பேரிங்கின் ஒரு பக்கம் சின்னக் கப், மறுபக்கம் பெரிய கப், நடுவில் ஊடுருவிப் போகும் திருகு. நட்டை முறுக்க முறுக்க சின்னக் கப் பேரிங்கைத் தள்ளும், பெரிய கப் அதை வாங்கிக்கொள்ளும். பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் செய்கிற வேலையைத் திருகு செய்கிறது, அவ்வளவுதான். நக்கிளைக் காரிலிருந்து கழற்றாமலே செய்யலாம் என்பதுதான் இதன் முழு கவர்ச்சியும்.

ஆனால் வாங்கும் முன் ஒரு விஷயம், இதை யாரும் விற்கும் பக்கத்தில் எழுத மாட்டார்கள்: உங்கள் காருக்கு இந்த செட் தேவையே இல்லாமல் இருக்கலாம். முன்சக்கரம் மட்டும் இழுக்கிற பல கார்களில் பின்பக்கம் பேரிங்கும் ஹப்பும் (சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி) ஒரே துண்டாக, நான்கு போல்ட்டில் மாட்டியிருக்கும். பழையதைக் கழற்று, துருவைச் சுரண்டு, புதியதை மாட்டு, முடிந்தது. அதற்கு இந்தப் பெட்டி வெறும் பாரம். இன்னும் சில சின்னக் கார்களில் பேரிங் பிரேக் டிரம்முக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், டிரம்மை மேசையில் வைத்து வேலை செய்யலாம், அதற்கு இந்தத் திருகு உதவும் என்றாலும் அக்கம்பக்கத்தில் பிரஸ் வைத்திருப்பவரிடம் டிரம்மைத் தூக்கிக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் ஆகிவிடும். இந்த செட்டுக்கென்றே இருப்பது மூன்றாவது வகை. பின்சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும் கார்கள், ஆக்ஸில் நக்கிளின் நடுவே ஊடுருவி வந்து ஹப்பைச் சுழற்றும், பேரிங் நக்கிளுக்குள் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். என் கார் அந்த வகை. உங்கள் கார் எந்த வகை என்பதை சக்கரத்தைக் கழற்றி நக்கிளின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பெட்டியை ஆர்டர் செய்யுங்கள். உதிரிப்பாகக் கடையில் பேரிங்கின் படத்தைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். நான்கு போல்ட் ஓட்டையோடு ஒரு ஹப் படம் வந்தால் ஒரு வகை, வெறும் வளையம் வந்தால் இன்னொரு வகை.

சத்தத்தைப் பற்றி நீட்ட வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் தப்பான பேரிங்கை மாற்றியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நானும் ஒருமுறை அந்தக் கூட்டத்தில் சேர இருந்தேன். பின்னாலிருந்து ஒரு ஊய்ங் என்ற ரீங்காரம், வேகம் கூடினால் கூடும், கிளட்சை மிதித்து நியூட்ரலில் விட்டாலும் நிற்காது. அதனால் எஞ்சினும் கியரும் இல்லை. காலியான அகலச் சாலையில் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பினால் பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் ஏறும், அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் வலப்பக்கத்தின் மேல். டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் அச்சு அசலாக இதே சத்தம் வரும். முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டு ஓட்டினேன், சத்தம் இடம் மாறவில்லை. அப்புறம் ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறு கையை சஸ்பென்ஷன் சுருளின் மேல் வைத்தேன். நல்ல பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. கெட்ட பக்கத்தில் சுருளின் வழியாக மாவு அரைக்கிற மாதிரி ஒரு நறநறப்பு விரலுக்கு வந்தது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கும் என்பார்கள், என்னுடையதில் ஆட்டமே இல்லை. ஆட்டம் வரும் வரை காத்திருந்தால் அது ரொம்பத் தாமதம்.

இனி வேலைக்கு வருகிறேன். ஆக்ஸில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும், கைபிரேக் போட்டு, கியரில் விட்டு. நட்டின் விளிம்பை ஆக்ஸிலின் பள்ளத்துக்குள் குத்தி மடக்கியிருப்பார்கள், அதை ஒரு பழைய உளியால் நிமிர்த்தாமல் சாக்கெட்டைப் போட்டால் மரை கெடும். என் நீளக் கம்பிக்கு மேல் ஒரு இரும்புக் குழாயை மாட்டி, அதன் நுனியில் ஏறி நின்று லேசாகக் குதித்த பிறகுதான் 'டக்' என்று விட்டது. தளர்த்தினால் போதும், முழுக்கக் கழற்றிவிட்டு வண்டியை உருட்டக்கூடாது. காரணம் பின்னால் சொல்கிறேன். அதன் பிறகு முன்சக்கரங்களுக்குக் கட்டை, பின்பக்கம் ஜாக்கி, ஜாக்கிக்குப் பதில் ஸ்டாண்ட், கைபிரேக்கை எடுத்துவிடுவது. ஜாக்கியை மட்டும் நம்பி கையை உள்ளே விடாதீர்கள், இந்த வேலையில் நீங்கள் காரை இழுப்பீர்கள், தள்ளுவீர்கள், அடிப்பீர்கள்.

பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டேன், பிரேக் ஹோஸில் தொங்கவிடக்கூடாது. டிஸ்க் வந்தது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்காகச் சக்கர வேகத்தை அளக்கிற சென்சார் வரவில்லை. துரு அதைச் சுற்றிலும் வீங்கி இறுக்கியிருந்தது, இழுத்தால் பிளாஸ்டிக் தலை மட்டும் கையில் வரும் என்று தெரிந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டு வயரின் இணைப்பை மட்டும் கழற்றினேன். சென்சாரை உடைக்காமல் விட்டதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

இப்போது ஹப் வெளியே வர வேண்டும், இங்கேதான் செட்டின் முதல் ஓட்டை. பெட்டியின் மேலே 'முழுமையான வீல் பேரிங் கருவி' என்று போட்டிருந்தாலும், பேரிங்கின் உள் ரேஸைக் கவ்விக்கொண்டு நிற்கும் ஹப்பை வெளியே இழுக்க உள்ளே ஒன்றும் கிடையாது. அதற்கு ஸ்லைடு ஹாமர் வேண்டும், நீளக் கம்பியில் ஒரு கனமான இரும்புக் குண்டு சறுக்கி வந்து கடைசியில் மோதுமே, அது. நண்பர் ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்தேன். பதினைந்தாவது அடியிலோ என்னவோ ஹப் பிய்த்துக்கொண்டு வந்தது, கூடவே பேரிங்கின் வெளிப்பக்க உள் ரேஸையும் இழுத்துக்கொண்டு வந்தது, குண்டுகள் தரையில் சிதறின. இதில் பயப்பட ஒன்றுமில்லை, இப்படித்தான் வரும். இந்த வகைப் பேரிங்குக்குள் இரண்டு வரிசைக் குண்டுகள், இரண்டு தனித்தனி உள் ரேஸ்கள் இருக்கும். ஹப்பை இழுத்தால் ஒன்று ஹப்போடு போகும். அதனால்தான் ஹப்பை ஒருமுறை கழற்றினால் பேரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பப் போட முடியாது. சும்மா திறந்து பார்க்கலாம் என்று யாரும் திறக்காதீர்கள்.

ஹப்பில் ஒட்டிக்கொண்ட அந்த ரேஸை எடுக்க செட்டில் வழியில்லை. ரேஸுக்கும் ஹப்பின் விளிம்புக்கும் நடுவில் ஒரு நகம் நுழையக்கூட இடமில்லை, எந்தப் புல்லர் கொக்கியும் பிடிக்காது. கிரைண்டரை எடுத்து ரேஸின் ஒரு பக்கத்தில் சாய்வாக ஒரு கோடு போட்டேன், கிட்டத்தட்ட முழு ஆழத்துக்கும், ஆனால் ஹப்பின் தண்டைத் தொடாமல். நிறம்தான் வழிகாட்டி. ரேஸ் கடினமான எஃகு, தீப்பொறி அடர்த்தியாகப் பறக்கும். வெட்டின் அடியில் ஒரு மெல்லிய கோடு வேறு சாயலில் தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் அந்த வெட்டில் உளியை வைத்து ஒரே ஒரு நல்ல அடி. 'டிங்' என்று கண்ணாடி உடைகிற சத்தத்தில் ரேஸ் வெடித்துத் திறந்தது, அதன்பின் கையாலேயே கழன்று வந்தது. கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள், அந்த எஃகுத் துண்டு எந்தத் திசையில் தெறிக்கும் என்று அதற்கே தெரியாது. தண்டில் கிரைண்டர் லேசாக உரசிவிட்டால் விளிம்புகளை எமரித் தாளில் மழுக்கிவிடலாம், ஆழமாக வெட்டிவிட்டால் ஹப்பும் புதிதுதான்.

நக்கிளுக்குள் மிச்சமிருப்பது வெளி ரேஸ், அதன் முன்னால் ஒரு சர்க்லிப், பள்ளத்தில் உட்கார்ந்து பேரிங்கை வெளியே வராமல் பிடிக்கிற ஸ்பிரிங் வளையம். சர்க்லிப்பைப் பற்றி எழுதினால் கெட்ட வார்த்தை வரும், விடுங்கள். நல்ல பிளையர் வைத்துக்கொள்ளுங்கள், துரு நீக்கும் எண்ணெயை முந்தின இரவே அடித்துவிடுங்கள்.

இனிதான் செட்டின் முறை. உள்பக்கம் 66 கப், அது நக்கிளின் உள்தோள் வழியாக நுழைந்து வெளி ரேஸின் விளிம்பைத் தள்ள வேண்டும். வெளிப்பக்கம் 78 கப், ரேஸை வாங்கிக்கொள்ள. திருகுக்குக் கிரீஸ், நட்டுக்குக் கீழே அந்தக் குட்டி த்ரஸ்ட் பேரிங். முறுக்கினேன். முறுக்கினேன். திருகு இழுபட்டு விறைத்தது, ஒன்றும் நகரவில்லை. ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், இது தெரிந்தால் எதற்கு எல்லாம் உடைகிறது என்று புரியும். 14 மிமீ திருகை 100 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் அதில் உருவாகும் இழுவிசை மூன்று டன்னுக்கு மேல். 100 என்பது வீல் நட்டுக்குக் கொடுக்கிற அளவுதான், குழாய் மாட்டினால் அதன் இரண்டு மடங்கைச் சாதாரணமாகத் தாண்டிவிடுவோம். அத்தனை பாரமும் நட்டுக்குக் கீழே இருக்கிற, சட்டைப் பொத்தான் தடிமனுக்கு இருக்கும் அந்த த்ரஸ்ட் பேரிங்கின் மேல் உட்காருகிறது. ரேஸ் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்து, நான் உற்சாகமாகி, இன்னும் கொஞ்சம் நெம்பியபோது 'நொறுக்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் குண்டுகளைப் பிடித்திருந்த தகடு கசங்கிய காகிதம் மாதிரி, குண்டுகள் இரண்டு வாஷரிலும் குழி பதித்திருந்தன.

அதற்குப் பதில் இரண்டு தடித்த, கடினமான வாஷரை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மாலிப்டினம் கிரீஸ் தாராளமாக அப்பினேன். உராய்வு கூடும்தான், ஆனால் நொறுங்க ஒன்றும் இல்லை. அடுத்து ஹாட் ஏர் கன்னால் நக்கிளைச் சுற்றிப் பத்து நிமிடம் சூடாக்கினேன். தீ வைக்கும் கேஸ் டார்ச்சை எடுக்கவில்லை, பக்கத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது, கழற்ற முடியாமல் விட்ட சென்சாரும் அங்கேயே இருக்கிறது. சூடு ஏறியதும் முறுக்கி விறைக்கவிட்டு, நக்கிளின் வெளிப்புறத்தில் சுத்தியலால் நான்கு தட்டு, மறுபடி கால் சுற்று, மறுபடி தட்டு. ஐந்தாவது சுற்றில் 'டொக்' என்று பெரிய சத்தத்தோடு விட்டது, நெஞ்சு ஒரு நொடி நின்றது, எதுவோ முறிந்துவிட்டது என்று நினைத்தேன். துருப்பிடி விட்ட சத்தம். அதற்குப் பிறகு விரல் விரலாக வெளியே வந்தது.

இந்தப் பாதிக்கு நான் கொடுக்கிற மதிப்பெண் குறைவு. குறை முழுக்க செட்டுடையதும் இல்லை, பல வருடத் துருவும் சேர்ந்தது. ஆனால் அந்தத் துருவைத்தான் எல்லோரும் சந்திப்பார்கள், கருவி செய்பவருக்கு அது தெரியாதா என்ன? திருகு வளையவில்லை, மரை கெடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மின் இம்பாக்ட் கன்னை இதில் போட வேண்டாம் என்று பெட்டியோடு வந்த துண்டுச்சீட்டில் எழுதியிருந்தது, நானும் போடவில்லை. போட்டிருந்தால் மரை உரசி நட்டும் திருகும் ஒன்றாகக் கவ்விக்கொண்டிருக்கும்.

புதிய பேரிங் விஷயத்துக்கு வருகிறேன், செட் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்ட இடம் இது. இந்த வகைப் பேரிங்குகளின் பெட்டியில் டிஏசி 38720036 என்கிற மாதிரி ஒரு எண் இருக்கும். அது வெறும் வரிசை எண் இல்லை: உள் விட்டம் 38, வெளி விட்டம் 72, அகலம் 36, எல்லாம் மில்லிமீட்டரில். பழைய பேரிங்கை வெர்னியரில் அளந்து இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கடைக்காரர் எடுத்துத் தந்தது சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும். பேரிங்கில் மட்டும் கருமித்தனம் வேண்டாம் என்பது என் கருத்து. எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, என்டிஎன், என்எஸ்கே, டிம்கென் இந்த வரிசையில் எது கிடைத்தாலும் வாங்கலாம். ஆனால் இந்தப் பெயர்களுக்குத்தான் போலியும் அதிகம். எஸ்கேஎஃப் தன் பொருள் அசலா போலியா என்று சரிபார்க்கத் தனியாகச் செயலியே விட்டிருக்கிறது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரிங்கின் இரண்டு முகமும் ஒன்று இல்லை, கவனம். ஏபிஎஸ் இருக்கும் பல கார்களில் ஒரு பக்கத்து சீல் கறுப்பாக, மந்தமாக, ரப்பர் மாதிரி இருக்கும்; அதற்குள் வடக்கு தெற்கு என்று மாறி மாறிக் காந்தம் பதித்திருப்பார்கள், சென்சார் அதைத்தான் எண்ணுகிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்க வேண்டும், என் காரில் அது உள்பக்கம். திருப்பிப் போட்டால் பேரிங் நன்றாகச் சுற்றும், சத்தமே வராது, ஏபிஎஸ் விளக்கு மட்டும் அணையாது, அதைச் சரிசெய்ய இன்னொரு பேரிங் வாங்க வேண்டியதுதான். சந்தேகம் இருந்தால் ஒரு காகித கிளிப்பை இரண்டு முகத்திலும் லேசாக ஒட்டிப் பாருங்கள், காந்தம் இருக்கும் பக்கம் மெல்ல இழுக்கும். அந்த முகத்தைக் காந்தத் தட்டிலும் இரும்புத் தூள் கிடக்கும் மேசையிலும் வைக்கக்கூடாது. கிரைண்டர் பிடித்த அதே மேசையில் நான் முதலில் வைக்கப் போனேன், நல்லவேளை கை நின்றது.

பேரிங்கை முந்தின இரவே பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டிருந்தேன். இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. 72 மிமீ எஃகு வளையம் 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18க்குப் போனால் சுமார் 0.04 மிமீ சுருங்கும். ஒரு தலைமுடி அளவுகூட இல்லை, ஆனால் இங்கே இறுக்கம் என்பதே மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள்தான், அதனால் அது பெரிய உதவி. நக்கிளின் துளையை எமரித் தாளால் சுத்தம் செய்து, மெல்லிய எண்ணெய் தடவி, பேரிங்கை நேராக வைத்து, வெளிப்பக்கம் 71.5 கப், உள்பக்கம் நக்கிளில் பெரிய தட்டு. இந்தக் கப் பேரிங்கின் வெளி ரேஸை மட்டும்தான் தொட வேண்டும். உள் ரேஸைத் தள்ளினால் அத்தனை டன்னும் குண்டுகளின் வழியாக வெளி ரேஸுக்குப் போகும், ஒவ்வொரு குண்டும் ரேஸில் ஒரு சின்னக் குழியைப் பதிக்கும், கண்ணுக்குத் தெரியாது, சில நாள் ஓட்டினால் காதுக்குத் தெரியும். சுத்தியலால் அடித்து ஏற்றினாலும் இதே கதிதான். புதிய பேரிங் போட்டும் சத்தம் போகவில்லை என்று புலம்புகிறவர்களில் எத்தனை பேர் பேரிங்கைப் போடும்போதே கெடுத்தவர்களோ.

இங்கே ஒரு குறை: 71.5 என்று அடித்திருந்த கப் வெர்னியரில் 71.8 காட்டியது. பூச்சின் தடிமன். 72 துளைக்குள் அது சர்க்லிப் பள்ளத்தைத் தாண்டி உள்ளே போயாக வேண்டும், அந்த இடைவெளியில் ஒரு மண் துகள் மாட்டினாலும் கப் சிக்கிக்கொள்ளும். எமரித் தாளைச் சுற்றிப் பிடித்து விளிம்பைக் கொஞ்சம் தேய்த்தேன், ஐந்து நிமிட வேலை, ஆனால் அளவு அடித்து விற்கிற பொருளில் அந்த வேலை எனக்கு எதற்கு? உங்கள் செட் வந்ததும் தேவைப்படும் கப்புகளை மட்டுமாவது அளந்து பார்த்துவிடுங்கள்.

மற்றபடி உள்ளே போன விதம் அழகு. முதல் இரண்டு சுற்று மட்டும் நான்கு பக்கமும் கண்ணை வைத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் கொஞ்சம் முந்தியது, நட்டைத் தளர்த்தி நேராக்கி மறுபடி. பிடித்துக்கொண்ட பின் ஒரே சீரான இறுக்கத்தில், கிரீச் என்ற சத்தமும் இல்லாமல், உள்ளே வழுக்கிப் போனது. திருகு நடுவில் ஊடுருவிப் போவதால் கோணலாகப் போக அதற்கு வழியே குறைவு, பெரிய பிரஸ்ஸில் நக்கிளைக் கழற்றி முட்டுக் கொடுத்துச் செய்யும்போதுகூட இவ்வளவு நேராக வைப்பது கஷ்டம். தோளில் போய் உட்கார்ந்த கணம் ஸ்பேனரில் தெரியும், அதுவரை கொடுத்துக்கொண்டே வந்த கை திடீரென்று சுவரில் முட்டின மாதிரி நிற்கும். அங்கே நிறுத்துங்கள். சர்க்லிப் பள்ளம் முழுசாகத் தெரிய வேண்டும், பாதி தெரிந்தால் பேரிங் இன்னும் உட்காரவில்லை.

ஹப்பை உள்ளே இழுக்கும்போதுதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இப்போது விதி தலைகீழ். ஹப்பின் தண்டு உள் ரேஸுக்குள் போகிறது, ஆகவே பின்பக்கம் முட்டுக் கொடுக்க வேண்டியது உள் ரேஸுக்கு. நக்கிளில் முட்டுக் கொடுத்து ஹப்பை இழுத்தால் முன்பு சொன்ன அதே குழிகள், வேறு வழியாக. உள் ரேஸில் மட்டும் உட்காரும் சின்ன கப் ஒன்றைத் தேடி எடுத்தேன், அதுவும் காந்த சீலைத் தொடாத அளவில். செட்டில் அப்படி ஒன்று இருந்தது அதிர்ஷ்டம்தான். துண்டுச்சீட்டில் இந்தக் கட்டத்துக்கு ஒரு படம்கூட இல்லை, இது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். கருவியை விற்கிறவர் அதை வைத்துப் பேரிங்கைக் கொல்லக்கூடிய ஒரே கட்டத்தைச் சொல்லாமல் விடுவது என்ன நியாயம்?

கடைசியில் ஆக்ஸில் நட். புதியது, பழையதை மறுபடி மடக்கினால் பிடிக்காது. ஆரம்பத்தில் வண்டியை உருட்டக்கூடாது என்றேனே, காரணம் இதுதான்: இரண்டு உள் ரேஸ்களையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்து உள்ளே இருக்கும் இறுக்கத்தைச் சரியாக வைப்பது அந்த நட்தான். அது இறுகாமல் வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கினால் புதிய பேரிங் முதல் நாளே அடி வாங்கும். அதனால் சக்கரம் தரையில் படும் முன்பே, யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கினேன். அளவு காருக்குக் கார் பெரிதாக மாறும், சிலவற்றில் 180 நியூட்டன் மீட்டர் போதும், சிலவற்றில் 300ஐத் தொடும். உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் இருப்பதைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம், நான் எழுதுவதையும் சேர்த்துத்தான். கைக்கணக்கில் இறுக்குவது இந்த நட்டில் எடுபடாது.

முதல் பக்கத்துக்கு ஏழு மணி நேரம் ஆனது, அதில் உண்மையாக இந்த செட் பயன்பட்டது ஒன்றரை மணி நேரம் இருக்கும். மறுபக்கம் மூன்று மணி நேரம். அதற்குள் ஸ்லைடு ஹாமரை நானே வாங்கியிருந்தேன், த்ரஸ்ட் பேரிங்குக்கு அதே அளவில் ஆனால் தரமான ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டேன், அது இரண்டாவது வேலையையும் தாங்கி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அதாவது கோளாறு வடிவமைப்பில் இல்லை, அந்த ஒரு உருப்படியில் மிச்சம் பிடித்ததில்தான். விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். உபயோகத்தில் தேயும் பொருளுக்கு வாரண்டி கிடையாது என்று பதில் வந்தது. இரண்டே மில்லிமீட்டரில் தேய்ந்துவிட்டது போல.

ஒரே ஒரு சக்கரம், ஒரே ஒரு முறை என்றால் வாங்காதீர்கள், நக்கிளைக் கழற்றிப் பட்டறையில் பிரஸ் பிடித்துக்கொண்டு வந்து நீங்களே மாட்டிக்கொள்ளலாம். இந்த வகைக் காரை இன்னும் பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், கிரைண்டரும் டார்க் ரெஞ்சும் ஏற்கெனவே இருக்கிறது, கொஞ்சம் பொறுமையும் இருக்கிறது என்றால் வாங்கலாம், கூடவே நல்ல த்ரஸ்ட் பேரிங் ஒன்றும். இரண்டு பக்கமும் மாற்றி ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியாயிற்று, சுருளின் மேல் கை வைத்தால் ஒன்றும் தெரியவில்லை, ஏபிஎஸ் விளக்கும் சாவி திருப்பினால் எரிந்து அணைகிறது.

ஐந்துக்கு மூன்று. மூன்றரை கொடுத்திருப்பேன். நேற்று பெட்டியைத் தூக்கும்போது அதன் பிளாஸ்டிக் கொக்கி கையோடு வந்து, கப்புகள் எல்லாம் காலில் விழுந்தன. 78 அளவு நேராகக் கட்டைவிரலில்.